ஹார்மோன் சிகிச்சையில் எலும்புப் பாதுகாப்பு

புரோஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் முதுமையில் வருவது. மக்களின் சராசரி ஆயுள் உயர உயர, இந்நோய்க்கு ஆளாகும் ஆடவரின் தொகையும் பெருகி வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் புற்றுநோய்ப் பதிவேடுகளை நோக்கினால், டெல்லி, கொல்கத்தா, பூனா, திருவனந்தபுரம் போன்ற நகரங்களில் ஆடவரைப் பீடிக்கும் புற்றுநோய்களின் வரிசையில் இது முன்னிடங்களில் ஒன்றைப் பெற்றிருப்பது தெரியவரும். இந்நாட்டு நோயாளிகளில் கணிசமானோர் நோய் முற்றிய பின்னரே, அது சுரப்பியைக் கடந்து எலும்புகளுக்குப் பரவிய நிலையில், மருத்துவமனையை நாடுகின்றனர். அத்தகையோருக்கு முதன்மையான சிகிச்சை, உடலில் ஆண் ஹார்மோனைக் குறைப்பதேயாகும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோருக்கும் இதனையே சில மாதங்களுக்கோ, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கோ துணைச் சிகிச்சையாக அளிக்கின்றனர்.

இச்சிகிச்சையினால் நோய் பல ஆண்டுகள் அடங்கியிருக்கக் கூடும். ஆனால் புற்றுநோயைப் பட்டினி போடும் அதே செயல் எலும்பையும் பட்டினி போடுகிறது. புற்றுநோயிலிருந்து தப்பிய முதியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகிவிடுவது அரிய நிகழ்ச்சியன்று. இதில் வருந்தத்தக்கது யாதெனில், இம்முறிவுகளில் பலவற்றை மிக எளிய, மலிவான முறைகளினாலேயே தவிர்த்திருக்க இயலும் என்பதே.

ஆண் ஹார்மோனும் எலும்பும்

புரோஸ்டேட் புற்றணுக்கள் டெஸ்டோஸ்டீரோன் எனும் ஆண் ஹார்மோனைக் கொண்டு வளர்கின்றன என்பதை 1941-ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹக்கின்ஸும் அவருடைய உடனுழைப்பாளர் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் நிறுவினர். விரைகளை அகற்றுவதனாலோ, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைக் கொடுப்பதனாலோ பரவிய புற்றுநோயும் ஒடுங்குவதை அவர்கள் காட்டினர். ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னர், மூளையினின்று பிட்யூட்டரிச் சுரப்பிக்குக் கட்டளையாகச் செல்லும் ஹார்மோனின் அமைப்பு கண்டறியப்பட்டது. அதற்காக ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கியமின் ஆகியோர் 1977-இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கண்டுபிடிப்பிலிருந்து பிறந்தவையே லியூப்ரோலைடு, கோசெரெலின் முதலிய ஊசி மருந்துகள். மாதத்திற்கொரு முறையோ, மூன்று மாதங்களுக்கொரு முறையோ போடப்படும் இவை, அறுவையின்றியே விரைகளை ஓயச் செய்கின்றன.

எலும்பு உயிரற்ற தூண் அன்று. அதன் ஒரு பகுதி ஓயாது அரிக்கப்படுகிறது. மறுபகுதி ஓயாது கட்டப்படுகிறது. அரிக்கும் அணுக்களும் கட்டும் அணுக்களும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து இயங்கும் வரையில் எலும்பின் வலிமை குன்றுவதில்லை. இச்சமநிலையை ஆண்களிடத்தும் பெரும்பாலும் காத்து நிற்பது ஈஸ்ட்ரோஜனே என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஆணின் உடலில் டெஸ்டோஸ்டீரோனின் சிறு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. டெஸ்டோஸ்டீரோன் வற்றினால் ஈஸ்ட்ரோஜனும் வற்றும். அரிக்கும் அணுக்களின் கை ஓங்கும். ஒரு காலத்தில் இந்நோய்க்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளே பெருவழக்காக இருந்தன. எலும்பைப் பொறுத்த வரையில் அவை நன்மையே செய்தன. எனினும் இரத்தம் உறைந்து இதயத்தையும் மூளையையும் தாக்கும் அபாயத்தால் கைவிடப்பட்டன.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு எலும்புத் தேய்வு ஏற்படுவதை இன்று சாமானியரும் அறிவர். ஹார்மோன் சிகிச்சை பெறும் ஆணுக்கு நேர்வதும் அதுவே. ஆனால் அது வேகமாக நேர்கிறது. இயல்பான முதுமையில் ஆணின் எலும்பு அடர்த்தி ஆண்டுக்கு ஏறத்தாழ அரை முதல் ஒரு சதவீதம் குறையும். இச்சிகிச்சையிலோ, முதலாண்டிலேயே இரண்டு முதல் எட்டு சதவீதம் வரை குறையக் கூடும். தசையும் மெலிகிறது, கொழுப்பு கூடுகிறது, கால்கள் தளர்கின்றன. எலும்பு நொய்மையும் விழும் வாய்ப்பும் ஒருங்கே பெருகுகின்றன.

இதன் விளைவை அளந்து காட்டிய ஆய்வுகளுள் அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஒன்று குறிப்பிடத்தக்கது. ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகள் அதில் ஆராயப்பட்டன. நோய் கண்டறியப்பட்டபின் குறைந்தது ஐந்தாண்டுகள் உயிர் வாழ்ந்தவர்களில், ஹார்மோன் குறைப்புச் சிகிச்சை பெற்றோரில் 19.4 சதவீதத்தினருக்கு எலும்பு முறிவு ஏற்பட்டது. பெறாதோரில் இது 12.6 சதவீதமே. மருந்தின் அளவு கூடக்கூட முறிவும் கூடியது.

ஒரே நாளில் முடியும் அறுவை

இந்நாட்டுச் சூழ்நிலைக்கென்றே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மேலை நாடுகளில் ஊசி மருந்தே பெருவழக்கு. இங்கோ, விரை நீக்க அறுவை இன்னும் பரவலாகக் கையாளப்படுகிறது. இதைக் குறை கூறுவதற்கில்லை. ஊசி மருந்தைத் தொடர்ந்து வாங்க இயலாத குடும்பத்திற்கு, செலவு ஒரே முறையோடு முடியும் இச்சிறு அறுவை பெரும் வரப்பிரசாதமாகும். புற்றுநோயை அடக்குவதில் அது ஊசிக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

ஆனால், மூன்று மாதங்களுக்கொரு முறை ஊசிக்கு வருபவரை மருத்துவர் பார்க்கிறார். எடை, இரத்தம், நடை ஆகியன கண்ணில் படுகின்றன. அறுவை செய்து கொண்டவருக்கோ தையல் பிரித்ததும் மருத்துவமனையோடு உறவு அற்றுப் போகிறது. கிழக்கு உத்தரப் பிரதேசத்துக் கிராமத்து முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்குச் சிறுநீர் நன்றாகப் பிரிகிறது, எலும்பு வலி தணிந்துவிட்டது, பசி எடுக்கிறது. நகரத்து மருத்துவமனைக்கு மீண்டும் ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து செல்ல அவருடைய மகனுக்குக் காரணமொன்றும் தென்படுவதில்லை. ஆயினும் அறுவை நடந்த அன்றே எலும்புத் தேய்வு தொடங்கிவிட்டது. ஊசியை நிறுத்தினால் பலருக்கு ஆண் ஹார்மோன் மெல்ல மீண்டு வரும். அறுவை செய்து கொண்டவருக்கு அது ஒரு போதும் மீளாது. தேய்வும் ஆயுள் முழுவதும் தொடரும். மிகுந்த கண்காணிப்பு வேண்டுபவருக்கே கண்காணிப்பு மிகக் குறைவாகக் கிட்டுகிறது என்பதே இங்குள்ள முரண்பாடு.

அண்மைக் காலச் சிகிச்சை முறைகள் இதனை மேலும் கூர்மையாக்கியுள்ளன. அபிராட்டெரோன், என்சாலூட்டமைடு போன்ற மாத்திரைகள் இப்போது ஹார்மோன் குறைப்புடன் சேர்த்துத் தரப்படுகின்றன; இவற்றால் ஆயுள் நீடிக்கிறது. அபிராட்டெரோனுடன் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தும் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு எலும்பைத் தேய்க்கும் என்பது நெடுநாளாக அறிந்த உண்மை.

தேய்வை அளத்தல்

சிகிச்சை தொடங்குமுன் எலும்பின் நிலையை ஒரு முறை அளந்து வைப்பது முறை. இதற்கெனக் குறைந்த அளவு எக்ஸ் கதிர்களைக் கொண்டு இயங்கும் டெக்ஸா எனும் கருவி உண்டு. இடுப்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் அடர்த்தியை இளைஞர்களின் சராசரியோடு ஒப்பிட்டு அது ஓர் எண்ணைத் தரும். அவ்வெண் கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழாயின் எலும்புப்புரை நோய் எனக் கொள்வர். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த வரையறை இது. ஓரிரு ஆண்டுகளுக்கொரு முறை இச்சோதனையைத் திரும்பச் செய்தல் நலம்.

எண்ணை அப்படியே நம்பிவிடலாகாது. முதியவர்களின் முதுகெலும்பில் தேய்மானத்தால் வளரும் எலும்பு முனைகள் அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். புரோஸ்டேட் புற்றுநோய் எலும்பில் பரவினால் அவ்விடம் பெரும்பாலும் கெட்டிப்பட்டே தோன்றும். அதுவும் பொய்யான உயர்வே. இடுப்பெலும்பின் அளவே ஒப்பு நோக்கில் நம்பத்தக்கது. இந்நாட்டில் மற்றொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகள் பல உள்ளன. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் 1937-இலேயே விவரிக்கப்பட்டது. தெலங்கானாவின் நல்கொண்டா இன்று அதற்குப் பெயர் பெற்ற ஊர். அங்கு வாழ்ந்தவரின் எலும்பு அடர்த்தி மிகுந்து காட்டினும் வலிமை குன்றியதாக இருக்கும். எனவே நோயாளி எவ்வூர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார் என்று கேட்பது வீண் வினாவன்று.

டெக்ஸா கருவிகள் பெருநகரங்களிலேயே குவிந்துள்ளன. கருவி இல்லை என்பதற்காகக் கைகட்டியிருக்க வேண்டுவதில்லை. வயது, எடை, முன்பு ஏற்பட்ட முறிவு, பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்த வரலாறு, புகை, மது, ஸ்டீராய்டு ஆகியவற்றைக் கொண்டே பத்தாண்டுகளுக்குள் முறிவு நேரும் வாய்ப்பைக் கணிக்கும் முறை ஃபிராக்ஸ் எனப்படும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 2008-இல் உருவான இதில் இந்தியாவுக்கெனத் தனிக் கணக்கும் உண்டு. டெக்ஸா எண் இன்றியும் இதனைப் பயன்படுத்தலாம். அதனினும் எளியது உயரத்தை அளப்பது. முதுகெலும்பு முறிவுகளில் பல, வலியின்றியே நேர்ந்துவிடுகின்றன. ஓர் ஆண்டில் இரண்டு சென்டிமீட்டர் குறைந்தவருக்கு முதுகின் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தல் தக்கது. சுவரில் வரைந்த அளவுகோல் எந்தச் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் கருவியே.

உணவும் வெயிலும்

உணவிலும் மருந்திலுமாகச் சேர்த்து நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியமும், 800 முதல் 1,000 யூனிட் வைட்டமின் 'டி'யும் இந்நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. பசும்பாலில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம். தானியங்களில் இதற்கு நிகர் வேறில்லை. அதிலுள்ள ஃபைட்டேட் எனும் பொருள் கால்சியத்தை உடல் ஏற்பதைச் சற்றுத் தடுக்குமாதலின், முளைகட்டி மாவாக்கிப் பயன்படுத்துதல் மேல். முள்ளோடு தின்னும் சிறு மீன்கள் வங்காளத்திலும் கடற்கரை மாநிலங்களிலும் ஏழையின் கால்சியமாகும். உணவில் பற்றாததை மட்டும் மாத்திரையால் நிரப்பினால் போதும். மாத்திரையையும் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படாமல் பிரித்து, உணவோடு உட்கொள்ளுதல் நன்று. சிறுநீரகக் கல் உள்ளவர் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

வெயில் நிறைந்த நாட்டில் வைட்டமின் 'டி' பற்றாக்குறை பரவலாக இருப்பது ஆய்வுகள் பலவற்றால் உறுதிப்பட்டுள்ளது. நோயுற்ற முதியவர் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருப்பவர். அவருக்கு வெயிலை மட்டும் நம்பியிருத்தல் போதாது. இங்கு வாரமொரு முறை 60,000 யூனிட் கொண்ட பொட்டலத்தை எட்டு வாரம் தரும் வழக்கம் உள்ளது. பற்றாக்குறையை ஈடுசெய்ய அது பயன்படும். ஆனால் எட்டு வாரம் கழிந்த பின்னும் நிறுத்தச் சொல்வாரின்றி, கடையில் தாமே வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர் உளர். இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் பழுதுபடுதல் இதன் விளைவு.

இவை அடித்தளமே தவிர முழுக் கட்டடமன்று. கால்சியமும் வைட்டமினும் மட்டும் இச்சிகிச்சையின் தேய்வைத் தடுத்து நிறுத்த மாட்டா. முறிவு வாய்ப்பு மிகுந்தவருக்கு மருந்து தேவை.

மருந்துகள்

பிஸ்பாஸ்பொனேட் வகையைச் சேர்ந்த மருந்துகள் எலும்பில் படிந்து அரிக்கும் அணுக்களை அடக்குகின்றன. வாரத்திற்கு ஒரு மாத்திரையாக 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் உட்கொண்ட நோயாளிகளின் முதுகெலும்பு அடர்த்தி, ஓர் ஆண்டில் குறைவதற்கு மாறாகக் கூடியதை 2007-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அதே ஆண்டில் வெளியான மற்றொரு சிறு ஆய்வில், 4 மில்லிகிராம் சோலெட்ரானிக் அமிலம் ஒரே முறை நரம்பு வழியே செலுத்தப்பட்டோருக்கு ஓராண்டில் அடர்த்தி சுமார் 4 சதவீதம் கூடியது. வெறும் நீர்மம் பெற்றோருக்குச் சுமார் 3 சதவீதம் குறைந்தது. இவ்வாய்வுகள் அடர்த்தியை அளந்தனவேயன்றி, முறிவு குறைந்ததா என்பதை நிறுவும் அளவுக்குப் பெரியவையல்ல.

அந்த நிறுவலைத் தந்தது டெனோசுமாப் என்னும் மருந்து. ஆறு மாதங்களுக்கொரு முறை 60 மில்லிகிராம் தோலின் கீழ் ஊசியாகப் போடப்படுவது இது. 1,468 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், மூன்றாண்டுகளில் புதிய முதுகெலும்பு முறிவு ஏற்பட்டோர், மருந்து பெற்றவர்களில் 1.5 சதவீதமும் பெறாதவர்களில் 3.9 சதவீதமும் ஆவர். இந்தியாவிலேயே இம்மருந்தின் ஒப்பு வகைகள் இப்போது தயாராகின்றன, விலையும் இறங்கியுள்ளது.

ஆயினும் டெனோசுமாபில் ஓர் இடர் உண்டு. ஊசியைத் தவறவிட்டால், அடக்கி வைக்கப்பட்ட அரிப்பு வெள்ளம் போற் பெருகும். சில மாதங்களிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட முதுகெலும்புகள் நொறுங்கிய நிகழ்ச்சிகள் உள்ளன. நிறுத்த நேர்ந்தால் பிஸ்பாஸ்பொனேட் கொடுத்தே நிறுத்த வேண்டும். தவணை தவறாது வந்து சேரும் வசதி எல்லா நோயாளிக்கும் இல்லை. தொலைவிலுள்ள கிராமத்தினருக்கு, எலும்பில் நெடுநாள் தங்கி வேலை செய்யும் சோலெட்ரானிக் அமிலத்தை ஆண்டுக்கொரு முறை தருவதே பாதுகாப்பானதெனக் கருத இடமுண்டு.

மருந்துக்கு முன் சில ஏற்பாடுகள் தேவை. ஆடும் பல்லும் சீழ் கட்டிய ஈறும் இருப்பின், மருந்து தொடங்குமுன் அவற்றைச் சரிசெய்துவிட வேண்டும்; தொடங்கிய பின் பல் பிடுங்கினால் அரிதாகத் தாடையெலும்பு ஆறாமல் அழியக் கூடும். புகையிலை மெல்லும் பழக்கம் மிகுந்த இந்நாட்டில் பல் மருத்துவரிடம் ஒரு முறை அனுப்புவது வீண் செலவாகாது. வைட்டமின் 'டி' பற்றாக்குறையை நிரப்பாமல் ஊசி போட்டால் இரத்தத்தில் கால்சியம் அபாயமான அளவுக்குத் தாழும். சோலெட்ரானிக் அமிலத்துக்குமுன் சிறுநீரகச் சோதனை இன்றியமையாதது; சிறுநீர்ப் பாதை அடைபட்டு வந்த நோயாளிகளிடையே சிறுநீரகப் பழுது சாதாரணம். அலெண்ட்ரோனேட் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு குவளைத் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காதிருக்க வேண்டும். தேநீரோடு விழுங்கினால் பயனில்லை.

மற்றொரு குழப்பத்தையும் இங்குத் தெளிவாக்குதல் வேண்டும். ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காது எலும்பில் பரவிய புற்றுநோய்க்கு இதே மருந்துகள் வேறு அளவில் தரப்படுகின்றன: டெனோசுமாப் 120 மில்லிகிராம் நான்கு வாரங்களுக்கொரு முறையும், சோலெட்ரானிக் அமிலம் 4 மில்லிகிராம் நான்கு அல்லது பன்னிரண்டு வாரங்களுக்கொரு முறையும் ஆகும். தேய்வைத் தடுக்க இவ்வளவு வேண்டுவதில்லை. பெயர் ஒன்றாயிருப்பதால் அளவு மாறிவிடும் அபாயம் உண்டு. தாடையெலும்பு அழிவு பெரும்பாலும் உயர் அளவிலேயே காணப்படுகிறது.

விழாதிருத்தல்

எலும்பு முறிய இரண்டு நிகழ்ச்சிகள் வேண்டும்: எலும்பு நொய்ந்திருத்தல், மனிதர் விழுதல். இரண்டாவதைப் பற்றி மருத்துவச் சீட்டில் ஒரு வரியும் எழுதப்படுவதில்லை. புரோஸ்டேட் நோயாளி இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுபவர். சிகிச்சையினால் உண்டாகும் உடற்சூடும் வியர்வையும் உறக்கத்தைக் கலைக்கின்றன. சிறுநீர் எளிதிற் பிரியத் தரப்படும் டாம்சுலோசின் போன்ற மருந்துகள், படுக்கையினின்று சட்டென எழும்போது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தித் தலைசுற்றலை உண்டாக்கும். இருட்டு, வாயிற்படி, ஈரத் தரை, வெளியே தொலைவிலுள்ள கழிப்பறை, அறுவை செய்யப்படாத கண்புரை ஆகிய அனைத்தும் ஒன்றுகூடும் நேரம் நள்ளிரவு. கட்டிலருகே ஒரு சிறுநீர்க் கலம், ஒரு சிறு விளக்கு, எழுமுன் ஒரு நிமிடம் உட்கார்ந்திருத்தல், கழிப்பறைச் சுவரில் பிடிமானத்திற்கு ஒரு குழாய்த் துண்டு: இவற்றின் விலை ஒரு வேளை ஊசியின் விலைக்கும் ஈடாகாது.

உடற்பயிற்சியால் எலும்பு அடர்த்தி பெருமளவு கூடுமென எதிர்பார்த்தல் தவறு. தசையின் வலிமையும் உடலின் சமநிலையும் காக்கப்படுவதே அதன் உண்மையான ஆதாயம். நடத்தல் நல்லதே, அத்துடன் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்தமர்தல், சுவரைப் பிடித்துக் கொண்டு குதிகாலை உயர்த்துதல் போன்ற எதிர்ப்பு வகைப் பயிற்சிகளும் வேண்டும். முதுகெலும்பு முறிந்தவரும், நோய் எலும்பில் பரவியவரும், குனிந்து பாரம் தூக்குதல் கூடாது.

முதுகு வலியை மட்டும் தேய்வு என்று தள்ளிவிடலாகாது. இந்நோயாளிக்குப் புதிதாக முதுகு வலி தோன்றி, கால்கள் மரத்தோ தளர்ந்தோ போனால், அல்லது சிறுநீர், மலம் கட்டுப்பாடிழந்தால், புற்றுநோய் தண்டுவடத்தை நெரிக்கிறது என்றே முதலிற் கருத வேண்டும். அன்றே மருத்துவமனை சேர வேண்டும். ஓரிரு நாள் தாமதம் வாழ்நாள் முடக்கத்தில் முடியும்.

செலவும் ஏற்பாடும்

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ்க் குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காப்பு உண்டு. 2024 அக்டோபர் முதல், எழுபது வயது நிறைந்தோர் அனைவரும் வருமான வேறுபாடின்றி இதில் சேர்க்கப்பட்டனர். புரோஸ்டேட் நோயாளிகளில் பெரும் பகுதியினருக்கு இது பொருந்தும். ஆனால் இது உள்நோயாளிக்கான காப்பு; புறநோயாளிச் செலவுகள் பொதுவாக இதில் அடங்கா. முறிந்த இடுப்பெலும்புக்கு அறுவை செய்யப் பணம் கிடைக்கும். அது முறியாதிருக்க வாரமொரு மாத்திரைக்கும் அடர்த்திச் சோதனைக்கும் குடும்பமே செலவழிக்க வேண்டும். கணக்குப் பார்ப்பவர் எவரும் இதைச் சிக்கனம் என்று கூறார்.

கூடுதல் செலவின்றியே செய்யத்தக்கதும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாதந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோரில் இந்த முதியவர்களும் அடங்குவர். விரை நீக்க அறுவை முடிந்து வீடு திரும்பும் நாளன்று தரப்படும் சீட்டில், அறுவையின் பெயரையும் தேதியையும் மட்டுமின்றி, ஹார்மோன் குறைந்துள்ளமையால் எலும்பு தேயும் என்பதையும், தொடக்க உயரம், எடை, கால்சியம், வைட்டமின் அளவுகளையும், அடுத்த ஊசி அல்லது சோதனையின் மாதத்தையும் அந்தந்த வட்டார மொழியில் எழுதிக் கொடுத்தால், ஊரிலுள்ள செவிலியர் அதனைப் பார்த்தே தொடர முடியும். எலும்புப்புரை பெண்களின் நோய் என்ற எண்ணம் மருத்துவ ஊழியரிடையேயும் வேரூன்றியிருப்பதால், ஆண் நோயாளியின் சீட்டில் அது எழுத்தில் இருப்பது அவசியம்.